பணி ஆணைக்கு மறுநாள்

மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016 டிசம்பரில் நாடாளுமன்றத்தில் நிறைவேறி, 2017 ஏப்ரல் 19 முதல் நடைமுறைக்கு வந்தது. 1995ஆம் ஆண்டின் பழைய சட்டம் ஏழு வகைக் குறைபாடுகளை மட்டுமே கணக்கில் எடுத்தது. புதிய சட்டம் அதை 21 ஆக்கியது. அரசுப் பணியில் இட ஒதுக்கீடு 3 சதவீதத்திலிருந்து 4 ஆனது. ஆட்டிசம், அறிவுசார் குறைபாடு, கற்றல் குறைபாடு, மனநோய் உள்ளவர்களுக்கும் அந்த நான்கில் பங்கு கிடைத்தது. இந்த எண்களை வைத்துத்தான் நாம் பெரும்பாலும் இந்தச் சட்டத்தைப் பற்றிப் பேசுகிறோம். எத்தனை இடம் நிரப்பினார்கள், எத்தனை இடம் ஆண்டுக்கணக்கில் காலியாகக் கிடக்கிறது என்று கேட்கிறோம். அந்தக் கணக்கு கட்டாயம் வேண்டும். ஆனால் ஒருவர் பணி ஆணையை வாங்கிக்கொண்டு மறுநாள் காலை அலுவலகத்துக்குள் நுழைந்த பிறகு என்ன நடக்கிறது என்பது அந்தக் கணக்கில் வராது. அவரால் மாடி ஏற முடிகிறதா, கோப்பைப் படிக்க முடிகிறதா, கூட்டத்தில் பேசுவது அவருக்குப் புரிகிறதா, தனக்கு ஒன்று வேண்டும் என்று யாரிடம் போய்க் கேட்பது, கேட்டால் எத்தனை நாளில் பதில் வரும்? சட்டத்தை அந்த மறுநாளில் வைத்துத்தான் எடைபோட வேண்டும் என்பது என் நிலை.

முதலில் அதன் பெருமையைச் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் அது சிறிய பெருமை இல்லை. மாற்றுத்திறனாளி ஒருவர் மற்றவர்களுக்குச் சமமாகத் தன் உரிமையைப் பயன்படுத்த என்ன மாற்றம் தேவையோ அதைச் செய்துதர வேண்டும். செய்பவருக்கு அது அளவுக்கு மீறிய சுமையாகக் கூடாது என்பது மட்டுமே வரம்பு. நியாயமான வசதி ஏற்பாடு என்னும் இந்தக் கருத்து 1995 சட்டத்தில் இல்லை. 2007இல் இந்தியா ஏற்று உறுதிசெய்த ஐ.நா. உடன்படிக்கையிலிருந்து வந்தது. புதிய சட்டம் இதை வரையறுத்ததோடு நிற்கவில்லை. பாகுபாடு எது என்று சொல்லும் இடத்தில், இந்த ஏற்பாட்டை மறுப்பதும் பாகுபாடுதான் என்று சேர்த்து எழுதியது.

இதன் கனத்தை நாம் போதுமான அளவு உணரவில்லை. ‘உங்களுக்குக் கண் தெரியாது, இந்த வேலை உங்களுக்கு இல்லை’ என்று வாசலிலேயே திருப்பி அனுப்புவதைப் பாகுபாடு என்று எவரும் ஒப்புக்கொள்வார்கள். அவரை வேலைக்கு எடுத்து, மேசையும் நாற்காலியும் கொடுத்து, அவரால் படிக்க முடியாத தாள்களை அந்த மேசையில் அடுக்கி, ‘முடிஞ்சதைச் செய்யுங்க சார், ஒண்ணும் அவசரமில்லை’ என்று அன்பாகச் சொல்லிவிட்டுப் போவதும் பாகுபாடுதான் என்கிறது இந்தச் சட்டம். வேலை எதுவும் தராமல் சம்பளம் மட்டும் தருவதைக் கருணை என்று மனதார நம்பும் அலுவலகங்கள் நம்மிடம் நிறைய உண்டு. தேர்வெழுதி, போட்டியிட்டு, தகுதியால் வந்த ஒருவரை ஆண்டுக்கணக்கில் சும்மா உட்கார வைப்பது அவருடைய அறிவை அவமதிப்பது. சட்டம் அதைப் புரிந்துகொண்டு எழுதப்பட்டிருக்கிறது.

இந்த வரையறையை உயிருள்ளதாக்கியவை நீதிமன்றங்கள். விகாஷ் குமார் வழக்கு அதற்கு அடித்தளம். எழுதும்போது விரல்கள் இறுகிப்போகும் நரம்புக் கோளாறு உள்ள ஒருவர், 2018ஆம் ஆண்டுக் குடிமைப் பணித் தேர்வில் தான் சொல்லச் சொல்ல எழுத ஓர் ஆள் கேட்டார். 40 சதவீதக் குறைபாடு என்ற வரம்புக்குள் அவர் வரவில்லை என்று தேர்வாணையம் மறுத்தது. 2021 பிப்ரவரி 11 அன்று உச்ச நீதிமன்றம் அந்த மறுப்பைத் தள்ளியது. 40 சதவீத வரம்பு இட ஒதுக்கீட்டுக்கானது. வசதி ஏற்பாட்டைக் கேட்கும் உரிமைக்கு அந்த வரம்பு கிடையாது என்று பிரித்துக் காட்டியது. எளிய வேறுபாடுதான். ஆனால் மருத்துவச் சான்றிதழில் உள்ள சதவீதத்தைப் பார்த்தே எல்லாவற்றையும் தீர்மானித்துப் பழகிய நிர்வாகத்துக்கு இது புதிய பாடம். சதவீதம் உடலைப் பற்றிச் சொல்கிறது. ஒரு குறிப்பிட்ட வேலையில் ஒரு குறிப்பிட்ட ஆளுக்கு எது தடையாக இருக்கிறது என்பதை அது சொல்வதில்லை.

அந்தத் தீர்ப்பு தமிழ்நாட்டைச் சேர்ந்த ஒரு பழைய முடிவையும் திருத்தியது. உரிமையியல் நீதிபதி பதவிக்கு, பார்வைக் குறைபாடோ செவிக் குறைபாடோ 40 முதல் 50 சதவீதம் வரை உள்ளவர்கள் மட்டுமே விண்ணப்பிக்கலாம் என்று தமிழ்நாடு அரசு 2014இல் வரையறுத்தது. 70 சதவீதப் பார்வைக் குறைபாடு உள்ள வழக்கறிஞர் சுரேந்திர மோகன் அதை எதிர்த்துச் சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனார், தோற்றார். உச்ச நீதிமன்றத்துக்குப் போனார்; 2019 ஜனவரியில் அங்கும் தோற்றார். நீதிபதியாக இருப்பவருக்குப் பார்வை, செவி, பேச்சு ஆகியவை ஓரளவாவது வேண்டும், ஆகவே 50 சதவீத வரம்பு நியாயமானதே என்பது அன்றைய தீர்ப்பின் சாரம்.

இந்த வாதத்தை நிதானமாகப் பிரித்துப் பார்க்க வேண்டும், ஏனென்றால் இதே வாதத்தைத்தான் இன்றும் ஆயிரம் அலுவலகங்கள் சொல்லிக்கொண்டிருக்கின்றன. நீதிபதியின் வேலை என்ன? இரு தரப்பையும் கேட்பது, ஆவணங்களின் உள்ளடக்கத்தை அறிவது, சாட்சியத்தை எடைபோடுவது, சட்டத்தைப் பொருத்துவது, காரணங்களோடு தீர்ப்பு எழுதுவது. இவற்றில் கண் இல்லாமல் செய்யவே முடியாதது எது? ஆவணத்தைப் படித்துச் சொல்ல மென்பொருளோ உதவியாளரோ போதும். புகைப்படத்தையோ வரைபடத்தையோ பார்க்க வேண்டிய இடம் வரும்; அதை விவரிக்கச் செய்து பதிவு செய்யலாம். சாட்சியின் முகத்தைப் பார்த்தால்தான் பொய்யைக் கண்டுபிடிக்க முடியும் என்பது நம்மிடம் நெடுங்காலமாக இருக்கும் நம்பிக்கை, அவ்வளவுதான். மேல்முறையீட்டு நீதிமன்றங்கள் சாட்சியின் முகத்தைப் பார்க்காமலேதான் எழுத்துப் பதிவை வைத்து உயிர்களின் தலைவிதியைத் தீர்மானிக்கின்றன. குழந்தைப் பருவத்திலேயே பார்வையிழந்த ஸாக் யாகூப் 1998 முதல் 2013 வரை தென்னாப்பிரிக்காவின் அரசமைப்பு நீதிமன்றத்தில் நீதிபதியாக இருந்தார். 2019இன் தீர்ப்பு இந்தக் கேள்விகளுக்குள் போகாமல், உறுப்பின் குறையைப் பார்த்ததுமே வேலையின் எல்லையை வகுத்துவிட்டது. வசதி ஏற்பாடு செய்தால் இவரால் முடியுமா என்ற கேள்வியை அது எழுப்பவே இல்லை. 2021இல் விகாஷ் குமார் தீர்ப்பு சுட்டிக்காட்டிய குறையும் அதுதான். 2016 சட்டம் வந்த பிறகு அந்த முடிவு பின்பற்றத்தக்க முன்மாதிரி ஆகாது என்று அது சொன்னது. 2025 மார்ச் 3 அன்று நீதிபதிகள் ஜே.பி. பர்திவாலாவும் ஆர். மகாதேவனும் அடங்கிய அமர்வு, பார்வைக் குறைபாட்டைக் காரணம் காட்டி எவரையும் நீதித்துறைப் பணிக்குத் தகுதியற்றவர் என ஒதுக்கக் கூடாது என்று தீர்த்து, அப்படி ஒதுக்கிய மத்தியப் பிரதேச விதியை ரத்துசெய்தது.

தமிழ்நாடு மின்வாரியத்தின் கதையும் இதே திசையில் போகிறது. உதவிப் பொறியாளர் பணிக்குத் தேர்வான ஒருவர், நிறங்களைப் பிரித்தறிய முடியாதவர் என்று மருத்துவப் பரிசோதனையில் தெரிந்ததும் பணி மறுக்கப்பட்டார். நிறக்குருடு 2016 சட்டத்தின் 21 வகைப் பட்டியலில் இல்லை. ஆகவே ஒரு விசித்திரமான இடுக்கில் அவர் சிக்கினார். வேலைக்கு ஆகாத அளவுக்குக் குறை உண்டு, சட்டத்தின் பாதுகாப்பைப் பெறும் அளவுக்குக் குறை இல்லை. 2023 அக்டோபர் 16 அன்று உச்ச நீதிமன்றம் அவருக்குப் பணி தரச் சொன்னது. பொறியாளரின் பல்வேறு பொறுப்புகளில் எதை அவரால் செய்ய முடியாது என்று வாரியம் விளக்கவில்லை என்பதைத் தீர்ப்பு கவனித்தது. என் பார்வையில் தீர்ப்பின் சிறப்பு, நிரூபிக்கும் பொறுப்பை அது வைத்த இடம். ‘என்னால் முடியும்’ என்று விண்ணப்பதாரர் மன்றாட வேண்டியதில்லை; ‘எல்லாம் செய்து பார்த்தோம், முடியவில்லை’ என்று நிறுவனம்தான் காட்ட வேண்டும்.

மனநோய் சார்ந்த வழக்கொன்றில், 2021 டிசம்பரில், உச்ச நீதிமன்றம் இன்னும் ஒரு படி போனது. மத்திய ரிசர்வ் காவல் படை அதிகாரி ஒருவர் மீதான ஒழுங்கு நடவடிக்கையைப் பரிசீலித்தபோது, நடவடிக்கைக்கு இட்டுச்சென்ற காரணங்களில் அவருடைய நோயும் ஒன்று என்றாலே அது பாகுபாட்டுக்குள் வரும், நோய் மட்டுமே காரணமாக இருக்க வேண்டியதில்லை என்றது. கண்ணுக்குத் தெரியாத குறைபாடு உள்ளவர்களுக்கு இது பெரிய கவசம். சக்கர நாற்காலியைப் பார்த்தால் எவருக்கும் புரியும். மனச்சோர்வால் காலையில் எழ முடியாதவர் அலுவலகத்தின் கண்ணுக்குச் சோம்பேறியாகவே தெரிகிறார்.

ஆக, கருத்து உறுதியானது, தீர்ப்புகள் மேலும் மேலும் சரியான திசையில் போகின்றன. இங்கே நிறுத்திக்கொண்டால் பாராட்டுரை எழுதி முடித்துவிடலாம். ஆனால் மேலே சொன்ன ஒவ்வொரு வெற்றிக்கும் பின்னால் உச்ச நீதிமன்றம் வரை போன ஒரு வழக்கு இருப்பதைக் கவனியுங்கள். தமிழ்நாட்டின் 2014 வரையறையிலிருந்து 2025 தீர்ப்புக்குப் பதினோரு ஆண்டுகள். வழக்கறிஞர்களும் தேர்வர்களும் போராடி வென்றது அவர்களுக்குப் பின்னால் வருபவர்களுக்குப் பயன்படும், மறுக்கவில்லை. ஆனால் தொடுதிரை வருகைப் பதிவுக் கருவியில் தன்னால் விரல் வைக்க முடியவில்லை என்பதற்காகவோ, கழிப்பறைக் கதவு சக்கர நாற்காலிக்கு அகலமாக இல்லை என்பதற்காகவோ யாரும் டெல்லிக்குப் போக மாட்டார்கள். அவர்கள் தண்ணீர் குடிப்பதைக் குறைத்துக்கொள்வார்கள். அலுவலகத்தில் கழிப்பறைக்குப் போக முடியாததால் காலையிலிருந்து மாலைவரை தண்ணீர் குடிக்காமல் இருக்கும் பெண்கள் எத்தனையோ பேர் என்பது மாற்றுத்திறனாளிகளோடு பழகிய எவருக்கும் தெரியும்.

பெரிய தடைகள் வழக்காகின்றன. அன்றாடத் தடைகள் பழக்கமாகிவிடுகின்றன. தமிழ் அலுவலகங்களுக்கே உரிய ஒன்றைச் சொல்கிறேன். பார்வையற்ற ஊழியர் கணினியில் வேலை செய்யத் திரைவாசிப்பான் என்னும் மென்பொருள் வேண்டும். என்விடிஏ என்ற திரைவாசிப்பான் இலவசமாகவே கிடைக்கிறது, தமிழையும் படிக்கும். ஆனால் அது ஒருங்குறியில் இருக்கும் தமிழைத்தான் படிக்கும். வானவில், பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் தட்டச்சு செய்த கடிதம் திரையில் நமக்குத் தமிழாகத் தெரிந்தாலும், கணினிக்கு அது ஆங்கில எழுத்துகளும் குறிகளும் கலந்த குப்பை. திரைவாசிப்பான் அந்தக் குப்பையை அப்படியே உரக்கப் படிக்கும். தமிழ்நாடு அரசு ஒருங்குறியை அதிகாரபூர்வமாக ஏற்றது 2010இல். அதற்குப் பிறகும் பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்த சுற்றறிக்கைகள் அலுவலகங்களில் சுற்றிக்கொண்டுதான் இருந்தன. அதற்கு அடுத்த தடை, கையெழுத்தும் முத்திரையும் இட்ட தாளைப் படமாக வருடி அனுப்புவது. படத்தில் எழுத்து இல்லை. திரைவாசிப்பானுக்கு அது வெற்றுத்தாள். கோப்புகள் மின்மயமானது பார்வையற்ற ஊழியருக்கு வந்திருக்கக்கூடிய மிகப் பெரிய விடுதலை. படமாக வருடிய தாள்களை அதில் ஏற்றியதால் அந்த விடுதலை பாதியில் நின்றது.

இந்தத் தடையை நீக்க ஒரு ரூபாய் நிதி ஒதுக்கீடு தேவையில்லை. தட்டச்சு செய்தவரிடம் மூலக்கோப்பு இருக்கிறது. கையெழுத்திட்ட நகலோடு அதையும் சேர்த்து அனுப்பினால் போதும். ஆனால் இதைப் பார்வையற்ற ஊழியர் தனியாளாக, ஒவ்வொரு பிரிவிலும், ஒவ்வொரு கடிதத்துக்கும், ‘அந்த வேர்டு ஃபைலையும் அனுப்புங்க’ என்று கேட்டுக்கொண்டே இருக்க வேண்டியிருக்கிறது. பத்து முறை கேட்பவர் பதினோராவது முறை கேட்கக் கூச்சப்படுகிறார். சட்டத்தின் முதல் பலவீனம் இங்கே தெரிகிறது. ஏற்பாடு என்பது ஒரு தனிமனிதர் தன் குறையை முன்வைத்துக் கேட்டு வாங்கும் பொருளாகவே நடைமுறையில் நின்றுவிட்டது. அலுவலகம் தன் வேலைமுறையை ஒருமுறை திருத்திக்கொண்டால் தீரும் விஷயத்தை, ஓர் ஊழியர் தன் பணிக்காலம் முழுக்கச் சுமக்கிறார்.

செலவைப் பற்றிய பயத்தையும் இங்கேயே எடுத்துக்கொள்ளலாம். அமெரிக்கத் தொழிலாளர் துறையின் நிதியில் இயங்கும் ஆலோசனை மையம் ஒன்று நிறுவனங்களிடம் தொடர்ந்து விவரம் திரட்டிவருகிறது. அதன்படி, ஊழியர்களுக்குச் செய்துதந்த ஏற்பாடுகளில் ஏறத்தாழப் பாதிக்குச் செலவே இல்லை. செலவானவற்றில் பெரும்பாலானவை சில நூறு டாலர்களில், ஒரே முறையில் முடிந்தவை. இந்த எண்ணைச் சற்றுக் கவனமாகவே ஏற்க வேண்டும். ஆலோசனை கேட்டுத் தாமாக முன்வந்த நிறுவனங்களின் அனுபவம் இது. மனமில்லாத நிறுவனங்கள் இதில் இல்லை. சைகை மொழிபெயர்ப்பாளரை நாள்தோறும் வைத்துக்கொள்வது, மின்தூக்கி இல்லாத பழைய கட்டடத்தில் ஒன்றைப் பொருத்துவது போன்றவை உண்மையிலேயே பெருஞ்செலவு. பணிநேரத்தை மாற்றுவது, இருக்கையைத் தரைத்தளத்துக்குக் கொண்டுவருவது, கூட்டத்தின் பேச்சை எழுத்தில் தருவது, வேலைகளை இருவருக்குள் மாற்றிப் பகிர்வது ஆகியவற்றுக்குச் செலவு மிகக் குறைவு. ஆகவே ‘செலவு’ என்ற ஒற்றைச் சொல்லால் எல்லாக் கோரிக்கைகளையும் மூடிவிட முடியாது. எது, எவ்வளவு என்று ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும்.

எதிர்வாதங்களில் நான் மதிக்கும் ஒன்று உண்டு. திருப்பூரிலோ சிவகாசியிலோ பதினைந்து பேரை வைத்துத் தொழில் செய்பவர், மாதக் கடைசியில் கூலி கொடுக்கவே கடன் வாங்குபவர், சாய்தளமும் தனிக் கழிப்பறையும் கட்ட வேண்டும் என்றால் எங்கே போவார்? அவர் கல்நெஞ்சர் இல்லை. கையில் காசு இல்லாதவர். நம் தொழிலாளர்களில் மிகப் பெரும்பான்மையோர் இத்தகைய சிறிய இடங்களில்தான் வேலை செய்கிறார்கள். அளவுக்கு மீறிய சுமை என்ற வரம்பைச் சட்டம் வைத்தது இவரை நினைத்தால் சரியே. அந்த வரம்பை ஐம்பதாயிரம் பேர் வேலை செய்யும் நிறுவனமும் அதே வாயால் சொல்லித் தப்பிக்கலாம் என்பதுதான் கோளாறு. எது சுமை என்று கணக்கு காட்ட வேண்டிய கடமை யாருக்கும் விதிக்கப்படவில்லை. கேட்டவருக்கு இத்தனை நாளில் எழுத்தில் பதில் தர வேண்டும் என்ற விதியும் இல்லை. அரசு நிறுவனங்களில் புகார் செய்தால் குறைதீர்ப்பு அலுவலர் இரண்டு வாரத்துக்குள் விசாரிக்க வேண்டும் என்று 23ஆம் பிரிவு சொல்கிறது. ஆனால் அது புகாருக்கு. கோரிக்கை கொடுத்தவர் புகார்தாரராக மாறினால்தான் கடிகாரம் ஓடத் தொடங்கும். சேர்ந்து சில மாதங்களே ஆன, தகுதிகாண் பருவத்தில் இருக்கும் ஓர் ஊழியர் தன் மேலதிகாரி மீது புகார் கொடுப்பாரா?

இனி, சட்டத்தின் பெரிய ஓட்டைக்கு வருகிறேன். வேலைவாய்ப்பைப் பற்றிய 20ஆம் பிரிவை எடுத்துப் படித்தால், அதன் முக்கியத் துணைப்பிரிவுகள் அரசு நிறுவனத்தையே குறிப்பிடுகின்றன. வசதி ஏற்பாடும் தடையற்ற சூழலும் தர வேண்டியது அரசு நிறுவனம். பணிக்காலத்தில் உடல் குறைபட்டவரை நீக்கக் கூடாது, அதே சம்பளத்தில் வேறு வேலை தர வேண்டும், இடம் இல்லாவிட்டால் மிகைப் பணியிடம் உருவாக்க வேண்டும் என்பதும் அரசு நிறுவனத்துக்குத்தான். குறைதீர்ப்பு அலுவலரும் அரசு நிறுவனத்துக்குத்தான். தனியார் நிறுவனத்தின் பெயர் வரும் இடம் 21ஆம் பிரிவு. அது கேட்பது ஒரு சம வாய்ப்புக் கொள்கை அறிக்கை. இருபது பேரும் அதற்கு மேலும் வேலை செய்யும் தனியார் நிறுவனங்கள் அந்த அறிக்கையில் என்னென்ன வசதி, எந்தெந்தப் பணிகள், யார் தொடர்பு அலுவலர் என்றெல்லாம் விரிவாக எழுத வேண்டும் என்கின்றன 2017 விதிகள். எழுத வேண்டும், பதிவு செய்ய வேண்டும். எழுதியதைச் செய்தார்களா என்று பார்க்க யாரும் இல்லை. 35ஆம் பிரிவு, தனியார் துறையில் குறைந்தது 5 சதவீதம் மாற்றுத்திறனாளிகள் இருக்கும்படி ஊக்கத்தொகை தர வேண்டும் என்கிறது. அதுவும் அரசின் பொருளாதார வசதிக்கு உட்பட்டு.

பாகுபாட்டைத் தடுக்கும் பொதுவான 3ஆம் பிரிவையும் பாகுபாட்டின் வரையறையையும் சேர்த்துப் படித்தால் தனியாரும் கட்டுப்பட்டவர்களே என்று வாதிடலாம், வலுவான வாதம்தான். ஆனால் சென்னையின் பழைய மகாபலிபுரம் சாலையில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் பக்கவாதம் வந்த ஊழியர், ‘தானாக விலகிக்கொள்ளுங்கள்’ என்று சொல்லப்படும்போது, இரண்டு பிரிவுகளைச் சேர்த்துப் படித்து வாதாடும் நிலையில் இருக்க மாட்டார். மாற்றுத்திறனாளிகளுக்கான ஆணையரிடம் போகலாம். ஆணையர் தருவது பரிந்துரை. ஏற்க முடியாவிட்டால் மூன்று மாதத்துக்குள் காரணம் சொன்னால் போதும். சட்டத்தை மீறியதாகத் தண்டிக்கப்பட்டால் முதல் முறை அபராதம் அதிகபட்சம் 10,000 ரூபாய். ஒரு சாய்தளம் கட்டும் செலவைவிடக் குறைவு. 2020இல் இந்தத் தண்டனைப் பிரிவையே தளர்த்த மத்திய அரசு முயன்று, மாற்றுத்திறனாளி அமைப்புகளின் எதிர்ப்புக்குப் பின் கைவிட்டது. இருப்பதைக் காப்பாற்றவே போராட வேண்டியிருந்தது.

கட்டடங்களிலும் இதே நிலைமைதான். ஏற்கெனவே உள்ள பொதுக் கட்டடங்களை ஐந்தாண்டுகளில் அணுகத்தக்கதாக மாற்ற வேண்டும் என்று 45ஆம் பிரிவு சொன்னது. விதிகள் வந்தது 2017 ஜூனில். கெடு 2022இல் கழிந்தது. எந்த அளவுகோல் கட்டாயம் என்பதே தெளிவாக இல்லை, அந்த விதி வழிகாட்டுதலாகவே எழுதப்பட்டிருக்கிறது என்று கண்டு 2024 நவம்பர் 8 அன்று ராஜீவ் ரத்தூரி வழக்கில் உச்ச நீதிமன்றம் அதைச் சட்டத்துக்கு முரணானது என்றது. மூன்று மாதத்தில் கட்டாய விதிகளை வகுக்கச் சொன்னது. கடமையாக எழுதிய சட்டத்தை விதி எழுதியவர்கள் ஆலோசனையாக இறக்கியிருந்தார்கள்.

2018இன் தேசிய மாதிரிக் கணக்கெடுப்பில், 15 வயதுக்கு மேற்பட்ட மாற்றுத்திறனாளிகளில் வேலையில் இருப்பவர்களும் வேலை தேடுபவர்களும் சேர்ந்து 23.8 சதவீதம்தான். அதே காலத்தில் மொத்த மக்களுக்கு அந்த விகிதம் ஏறத்தாழ 50. எஞ்சியவர்கள் வேலையிலும் இல்லை, வேலை தேடவும் இல்லை. அரசுப் பணியின் 4 சதவீதத்தை முழுக்க நிரப்பினாலும் இந்த இடைவெளியில் சிறு பகுதிதான் அடையும். வேலை தனியாரிடம்தான் இருக்கிறது. சட்டத்தின் பற்கள் அரசுப் பக்கம் மட்டுமே இருக்கின்றன.

பணம் எந்தத் திசையில் ஓடுகிறது என்று பார்த்தால் நிலைமை இன்னும் தெளிவாகும். 2008இல் ஓர் ஊக்கத் திட்டம் தொடங்கியது. மாதம் 25,000 ரூபாய் வரை சம்பளம் பெறும் மாற்றுத்திறனாளி ஊழியருக்காக நிறுவனம் கட்ட வேண்டிய வருங்கால வைப்பு நிதி, ஈஎஸ்ஐ பங்கை முதல் மூன்று ஆண்டுகளுக்கு அரசே ஏற்கும் என்று அது அன்று சொன்னது. நல்ல எண்ணம்; தவறான இடத்தில் விழுந்த பணம். நிறுவனத்தின் தயக்கம் வைப்பு நிதிப் பங்கைப் பற்றியதா? இவருக்கு என்ன செய்துதர வேண்டும், எவ்வளவு ஆகும், யாரைக் கேட்பது என்று தெரியாத தயக்கம் அல்லவா அது? அடுத்து, நிறுவனங்களின் சமூகப் பொறுப்பு நிதி. தன் ஊழியர்களுக்குப் பயன்படும் செலவை இதில் கணக்குக் காட்டக் கூடாது என்பது 2021 விதி. முறைகேட்டைத் தடுக்க அந்த விதி அவசியம். அதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் விளைவைப் பாருங்கள். மேடை போட்டு நூறு சக்கர நாற்காலி வழங்கினால் அது கணக்கில் ஏறும். சக்கர நாற்காலியில் வரும் தன் ஊழியருக்காக ஒரு வாசலை அகலப்படுத்தினால் ஏறாது.

வேறு வழி இருக்கிறது. ஜெர்மனியில் இருபதும் அதற்கு மேலும் பணியிடங்கள் உள்ள நிறுவனங்கள், அரசானாலும் தனியாரானாலும், 5 சதவீதம் கடும் குறைபாடுள்ளவர்களை வைத்திருக்க வேண்டும். வைக்காதவர்கள் நிரப்பாத இடத்துக்கு மாதந்தோறும் கட்டணம் கட்ட வேண்டும். 2024இல், ஒருவரைக்கூடச் சேர்க்காத பெரிய நிறுவனங்களுக்கு அது இடத்துக்கு 720 யூரோவாக இருந்தது. கட்டிவிட்டு ஒதுங்கிக்கொள்ளும் நிறுவனங்கள் அங்கேயும் ஏராளம். ஆகவே அந்த ஏற்பாட்டை முழுமையானது என்று சொல்ல மாட்டேன். ஆனால் அந்தப் பணம் எங்கே போகிறது என்பதில்தான் அதன் அறிவு இருக்கிறது. மாற்றுத்திறனாளிகளின் வேலைக்காகவே அது செலவாகிறது, சேர்த்துக்கொண்ட நிறுவனம் பணியிடத்தை மாற்றியமைக்க மானியமாகவும் போகிறது. பிரிட்டனில் இத்தகைய செலவின் பெரும்பகுதிக்கு அரசே மானியம் தருகிறது. விண்ணப்பித்து மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டியிருக்கிறது என்ற குறை அங்கே நெடுநாளாக உண்டு. இரண்டிலும் குறை உண்டு. ஆனாலும் இரண்டு நாடுகளும் ஓர் உண்மையைப் பிடித்துவிட்டன. தனியொரு சிறு முதலாளியின் தலையில் முழுச் செலவையும் வைத்தால், அவர் நேர்காணலிலேயே மாற்றுத்திறனாளியைத் தவிர்த்துவிடுவார். செலவைப் பலர் பகிர்ந்தால்தான் உரிமை உரிமையாக நிற்கும்.

ஆகவே என் தீர்ப்பு இது. வசதி ஏற்பாட்டை மறுப்பது பாகுபாடு என்று சொன்ன அளவில் 2016 சட்டம் நம் காலத்தின் மிகச் சிறந்த உரிமைச் சட்டங்களுள் ஒன்று; அந்த வரையறையில் ஓர் எழுத்தையும் மாற்ற வேண்டியதில்லை. வேலைவாய்ப்பு அத்தியாயம் அரசு ஊழியருக்குப் பாதிப் பாதுகாப்பையும் தனியார் ஊழியருக்கு ஒரு தாளையும் தருகிறது. அந்த அத்தியாயம் தோற்றுவிட்டது. நீதிமன்றங்களின் நல்ல தீர்ப்புகள் அந்தத் தோல்வியை மறைக்கின்றன, சரிசெய்யவில்லை. 20ஆம் பிரிவில் ‘அரசு’ என்ற அடைமொழியை எடுத்துவிட்டு, சிறு தொழில்களுக்கு மட்டும் சுமை வரம்பைத் தாராளமாக வைக்க வேண்டும். கேட்டவருக்கு முப்பது நாளில் எழுத்தில் பதில் தர வேண்டும்; மறுத்தால் என்ன செலவு, ஏன் தாங்க முடியாது என்று கணக்கோடு சொல்ல வேண்டும். சட்டத்தின் 86, 88ஆம் பிரிவுகள் தேசிய அளவிலும் மாநில அளவிலும் நிதியங்களை ஏற்கெனவே அனுமதிக்கின்றன. சிறு நிறுவனங்களின் ஏற்பாட்டுச் செலவுக்கு அவற்றைத் திறந்துவிடலாம்.

பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்ட முதல் ஆயிரம் நிறுவனங்களிடம் அதன் ஒழுங்குமுறை அமைப்பான செபி ஆண்டுதோறும் ஓர் அறிக்கை வாங்குகிறது. எத்தனை மாற்றுத்திறனாளி ஊழியர்கள், வளாகம் அணுகத்தக்கதா, சம வாய்ப்புக் கொள்கை இணையத்தில் எங்கே இருக்கிறது என்று அதில் கேட்கிறது. இவற்றோடு, அந்த ஆண்டில் எத்தனை பேர் வசதி ஏற்பாடு கேட்டார்கள், எத்தனை பேருக்குச் செய்துதந்தார்கள், சராசரியாக எத்தனை நாளாயிற்று, சேர்ந்தவர்களில் எத்தனை பேர் இரண்டு ஆண்டுக்குள் விலகினார்கள் என்றும் கேட்க வேண்டும். இவை எல்லாவற்றுக்கும் டெல்லி மனம் வைக்க வேண்டும். தமிழ்நாடு அரசு தன் சொந்த அலுவலகங்களில் இந்த முப்பது நாள் முறையைக் கொண்டுவரவும், ஒருங்குறியில் இல்லாத கடிதத்தையும் மூலக்கோப்பு சேர்க்காத வருடல் படத்தையும் எந்தத் துறையும் அனுப்பக் கூடாது என்று சொல்லவும் நாடாளுமன்றத் திருத்தம் எதுவும் தேவையில்லை. ஓர் அரசாணை போதும்.